அறுபத்துமூன்றோடு சரி

மனித குலம் உருப்படியாக ஒரு சாமான் செய்வது 1963ஆம் ஆண்டு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஐந்து மணியோடு நின்றுபோய்விட்டது. இதை எனக்குத் தெரிவித்தவர் பத்திநாதன் அண்ணன். ஷார்ஜாவில் ஒரு வேட்டைச் சாமான் கடையின் பின்பக்கப் பட்டறையில், கையில் எண்ணெய்த் துணியோடு, எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி கொண்டுவருகிறவர்கள் வைத்துக்கொள்ளும் முகத்தோடு சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்து அன்று இரண்டாவது நாள். சரித்திரத்தில் பி.ஏ. முடித்தவன் என்கிற முறையில் இந்தத் தேதி எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று வெட்கமாக இருந்தது. அதென்ன ஐந்து மணி என்று மட்டும் கேட்டேன்.

"ஃபேக்டரில ஷிப்டு அஞ்சு மணிக்குத்தாம்ல முடியும்" என்றார்.

அந்த ஃபேக்டரி அமெரிக்காவில் இருந்தது. அங்கே ஒரு வேட்டை ரைஃபிளை ஏறக்குறைய முப்பது வருடம் ஒரே மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். பிறகு கூலி கட்டுப்படியாகவில்லை. அறுபத்துநாலில் டிசைனை மாற்றினார்கள். பெயர் அதே பெயர், மாடல் நம்பர் அதே நம்பர், சாமான் வேறு. எங்கள் கடையில் இரண்டும் இருந்தன. ஐம்பத்தெட்டில் செய்த ஒன்று, அறுபத்தேழில் செய்த ஒன்று. அறுபத்தேழு விற்பனைக்கு. ஐம்பத்தெட்டு எங்கள் முதலாளி அர்பாப் ஹானியின் காலமான தகப்பனாருடையது, விற்பனைக்கு இல்லை. நான் சேர்ந்த இந்த இரண்டு வருடத்தில் வந்தவர்கள் எல்லோரும் ஐம்பத்தெட்டைத்தான் கேட்டார்கள். அறுபத்தேழு, பெண் பார்க்க வந்த வீட்டில் மூத்தவள் மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

பத்தியண்ணன் இரண்டையும் பச்சைத் துணி விரித்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து வகுப்பெடுப்பார். வந்தவர் அரபியாக இருந்தால் இந்தியில், பட்டாணியாக இருந்தால் அதே இந்தியைக் கொஞ்சம் சத்தமாக. பழையதில் தோட்டாவைப் பிடிப்பதற்கு நீளமான ஒரு இரும்புக் கொக்கி உண்டு. தோட்டா கீழேயிருந்து மேலே ஏறும்போதே கொக்கி அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். வெடித்துக் காலியாகி வெளியே விழுகிறவரை விடாது. புதியதில் கொக்கியைச் சின்னதாக்கிவிட்டார்கள். தோட்டாவைச் சும்மா முன்னால் தள்ளிவிடும், பிடிக்காது. பதற்றத்தில் பாதி தள்ளிவிட்டுக் கையைப் பின்னால் இழுத்தால் தோட்டா உள்ளேயே கிடக்கும். மறுபடி தள்ளினால் இன்னொன்று போய் அதன் முதுகில் முட்டும்.

"புலி உன் முன்னால நிக்கி. நீ ஒரே சந்துக்குள்ள ரெண்டு தோட்டாவச் சொருகிக்கிட்டு நிக்கே. அது என்ன செய்யும்? ஸாரி சொல்லிட்டா போவும்?"

ஷார்ஜாவில் புலி இல்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கிளப்பில் காகித வட்டத்தைச் சுடுகிறவர்கள், காகிதம் பாய்ந்து வருவதும் இல்லை. ஆனாலும் இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு விநாடி மூச்சு நிற்பதைக் கவனித்திருக்கிறேன். எனக்கே நின்றிருக்கிறது.

பிறகு கட்டைக்கு வருவார். துப்பாக்கியின் மரப்பகுதியை நாங்கள் கட்டை என்போம். கை வழுக்காமல் இருக்க அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வெட்டி, எள்ளளவு எள்ளளவாகக் கட்டம் போட்டிருப்பார்கள். பழையதில் அதை ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் வெட்டினார். புதியதில் சுடவைத்த இரும்பு அச்சை மரத்தில் வைத்து அமுக்கினார்கள். மேடாக இருக்கவேண்டிய கட்டங்கள் எல்லாம் பள்ளமாக இருந்தன. "வாஃபிள் மாரி" என்பார் பத்தியண்ணன். நானும் பட்டறையில் கூட இருந்த வைரவனும் பிறந்த வருடங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "உங்கள எல்லாம் அச்சுல அமுக்கி எடுத்துருக்கான்" என்றும் சொல்லியிருந்தார். அவர் பிறந்தது ஐம்பத்துமூன்றில், மணப்பாட்டில். கைவேலை.

ஆனால் அறுபத்துநாலின் மீதுகூட அவருக்கு அவ்வளவு கோபம் கிடையாது. ஏழை செய்த தப்பு என்று விட்டுவிடுவார். அவரால் தாங்கமுடியாதது அஜ்மானில் இருந்த ஓர் ஆள். புதுக் கட்டையைப் பழசாக்கித் தருவதுதான் அந்த ஆளின் தொழில். கட்டையை டீத் தண்ணீரில் ஊறவைப்பான், சாவிக்கொத்தால் அடிப்பான், ஷூ பாலிஷ் தேய்த்து வெயிலில் போடுவான். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் அப்படி ஒன்றை வாங்கிப் பெருமையோடு கொண்டுவந்தார். பத்தியண்ணன் மோந்து பார்த்தார். பிறகு நாக்கு நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீனி கம்மி" என்று இந்தியில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. அர்பாபுக்கு ஒரு வாடிக்கை போயிற்று. பத்தியண்ணனுக்கு வருத்தமில்லை. "தழும்ப யாருல வெலைக்கு வாங்குவான்? காலம் போடணும். மனுசன் போட்டா அதுக்குப் பேரு காயம்" என்றார். நாங்கள் இதைக் குறைந்தது நாற்பது முறை கேட்டிருக்கிறோம்.

வைரவன் எங்கள் ஹெல்பர். தேவகோட்டைக்குப் பக்கம். முப்பத்தொரு வயது. ஜெபல் அலியில் கன்டெய்னர் யார்டில் மூன்று வருடம் வெயிலில் நின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு இங்கே வந்தவன். வந்த அன்று பட்டறையின் ஏசியை நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டதை நான் பார்த்தேன். நானும் பத்தியண்ணனும் முவைலாவில் ஒரே ரூம். வைரவனுக்குப் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. ஊரில் மனைவி கனகா, இந்தமுறை அவன் கிளம்பிய பிறகு பிறந்த ஒரு மகள். மகளுக்கு ஒன்றரை வயது. அவனுக்கு அவளைக் குரலாகத் தெரியும். நவம்பர் பத்தாம் தேதி அவன் விசா முடிகிறது. புதுப்பித்துவிட்டால் டிசம்பரில் லீவு. அதற்கான காகிதங்களை நான்தான் டைப் அடித்து அர்பாப் கையெழுத்துக்காக என் மேசையில் வைத்திருந்தேன்.

அர்பாப் கெட்டவர் அல்ல. கோபம் வந்தால் கத்தவும் மாட்டார். 'கலாஸ்' என்பார், முடிந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். எனக்கு முன்னால் இருந்த ஒருவன் வாடிக்கையாளரின் பைனாகுலரைக் கீழே போட்டு அதை மறைத்திருக்கிறான். அவர் 'கலாஸ்' என்றதும் அடுத்த வாரம் விசா கேன்சல், ஆறு மாதத் தடை, ஊர்.

அந்த வருடம், 2006இல், சரஸ்வதி பூஜை ரமலானுக்குள் வந்தது. அர்பாப் உம்ரா யாத்திரைக்காக மக்கா போயிருந்தார், பெருநாளுக்கு நான்கு நாள் முன்புதான் திரும்புவார். போகும்போது ஐம்பத்தெட்டைப் பத்தியண்ணனிடம் ஒப்படைத்தார். பெருநாளன்று அவர் வீட்டு மஜ்லிஸில், விருந்தினர் உட்காரும் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அதை மாட்டப்போகிறார்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் மாற்றவேண்டும், எண்ணெய் போடவேண்டும். மேலே கை வைக்கக்கூடாது. பத்தியண்ணன் கழற்றினார். இரும்பையெல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டினார். கட்டையின் உள்பக்கம் எண்ணெய் தடவி, காய்வதற்காக ஆணியில் மாட்டினார். வியாழக்கிழமை சாயங்காலம்.

அன்றைக்குத்தான் நான் அந்த ஜோக்கைச் சொன்னேன். கல்லூரியில் இருந்த காலத்திலிருந்தே எனக்கு இந்தப் பழக்கம் உண்டு, முகத்தை அசைக்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவது. "வைரவா, தமிழ்நாடு பூரா ஆயுத பூஜைன்னு சொல்லிக்கிட்டு ஸ்பேனருக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைக்கிறாங்ய. நெசமாவே ஆயுதம் இருக்கறது உலகத்துலயே நம்ம பட்டறையில மட்டுந்தான். நீ பொட்டு வைக்கலைன்னா சாமி என்ன நெனைக்கும்?" வைரவன் சிரிக்கவில்லை. சரிண்ணே என்றான்.

எங்கள் ஊர்களில் பூஜைக்கு முன்னால் சாமானைச் சுத்தம் செய்வது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். லேத்துப் பட்டறையில் ஒரு வருடத்து அழுக்கைச் சுரண்டி எடுப்பார்கள். சைக்கிளைக் கழற்றித் தேய்த்துப் பெயின்ட் அடிப்பார்கள். சாமி முன்னால் போகிற பொருள் கடையில் வாங்கிய அன்று இருந்தது போல இருக்கவேண்டும். வைரவனுக்கும் எங்களுக்கும் வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு. சாவியும் அவனிடம் இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பொரிகடலைப் பொட்டலத்தோடு நானும், பொரிகடலைக்காக மட்டும் என்று முன்பே சொல்லிவிட்டுப் பத்தியண்ணனும் பட்டறைக்குள் போனோம். மேசையில் வாழையிலை. இலையில் ஸ்க்ரூ டிரைவர்கள், அரங்கள், ஒரு வைஸ். நடுவில் ஐம்பத்தெட்டின் கட்டை. ஐம்பது வருடத்துக் கறுப்பு போய், வெல்லப்பாகு நிறத்தில், ட்யூப் லைட் முழுசாகத் தெரிகிற மாதிரி பளபளத்துக்கொண்டு கிடந்தது. மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம்.

பத்தியண்ணன் பக்கத்தில் போய் ஒரு விரலால் தடவினார்.

"உப்புத்தாள் போட்டியோ?"

"மூணு நம்பர் போட்டேண்ணே. கடைசில வெல்வெட்டு மாரி வந்துருச்சு. பெறகு வார்னிசு மூணு கோட்டு. அந்தக் கட்டம் கட்டமா இருக்குல்ல, அதுல மட்டும் தாள் படாம பல்லு வெளக்குற பிரஷ்ஷ வச்சு எடுத்தேன்."

"இங்கன ஒரு பள்ளம் கெடந்துதே. இடது பக்கம், அடியில."

"மரத்தூளும் பசையும் கொழச்சு மக்கு வச்சு அடச்சுட்டேண்ணே. எந்த எடம்னே தெரியாது, பாருங்களேன்."

"தெரியல" என்றார் பத்தியண்ணன்.

வைரவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தை. "நல்லா இல்லியாண்ணே?"

"நல்லாருக்குடே. புதுசு மாரியே இருக்கு."

அவர் அகராதியில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் அவர் அதைத் திட்டாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி நிதானமாக அவனுக்கு விளக்கினார். இந்த மாதிரிச் சாமானுக்கு மதிப்பு, அது எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே இருப்பதில் இருக்கிறது. கொக்கி நல்ல கொக்கி என்பதற்காக வாங்குகிறவனும் கட்டையைத்தான் முதலில் பார்ப்பான். ஃபேக்டரிக்காரன் தேய்த்த முதல் எண்ணெய், அதற்கு மேல் ஒரு மனிதரின் கை வேர்வை, ஒட்டகச் சேணத்தின் உரசல், மணல். இதெல்லாம் ஒருமுறைதான் கிடைக்கும். உரித்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் மரம். மரம் எங்கேயும் கிடைக்கும்.

வைரவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "ஒப்புராண, சத்தியமா நான் சாமிக்குத்தாண்ணே செஞ்சேன்" என்றான். பிறகு, "அர்பாபுக்கு நானே போன் போட்டுச் சொல்லிர்றேன். மறச்சாத்தானே தப்பு."

"போன வச்சிரு."

"இல்லண்ணே…"

"வச்சிருல. அவரு மக்காவுல நிக்காரு. அங்க போயி இதச் சொல்லுவியா?"

அந்த ஜோக்கைச் சொன்னவன் நான் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. வைரவன்கூட எடுக்கவில்லை. அவன் அதை ஜோக் என்றே எண்ணியிருக்கமாட்டான், பெரியவர்கள் சொல்லும் ஒரு நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டிருப்பான். நான் இலையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர்களை எடுத்து ஒவ்வொன்றாகக் குங்குமத்தைத் துடைத்து அதனதன் இடத்தில் மாட்டினேன். அன்றைக்கு யாரும் பொரிகடலை சாப்பிடவில்லை. ரமலான் என்பதால் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்த பதினாறு நாள் பத்தியண்ணன் வேறு வேலை பார்க்கவில்லை. டர்பன்டைனில் துணியை நனைத்து வார்னிஷை எடுத்தார். கட்டங்களுக்குள் இறங்கியிருந்ததைக் குண்டூசியால் ஒவ்வொரு கட்டமாக எடுத்தார். ஒரு பக்கத்தில் எத்தனை கட்டம் என்று நான் எண்ண ஆரம்பித்து அறுநூறில் விட்டுவிட்டேன். பிறகு எண்ணெய். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, கை சுடுகிற வரைக்கும் தேய்ப்பார், துடைப்பார், மாட்டுவார். மறுநாள் மறுபடியும். மரம் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டு வந்தது. ஆனால் நிறம் வரவில்லை. வாட்டசாட்டமான இளைஞன் ஒருவன் தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது போலத்தான் இருந்தது. வகுப்பு எடுப்பதை அவர் நிறுத்திவிட்டார். ஒரு வாடிக்கையாளர் வந்து அறுபத்தேழின் விலையைக் கேட்டபோது "அச்சா ஹை" என்று மட்டும் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன்னைப் பற்றி நல்ல வார்த்தை கேட்ட அறுபத்தேழு அன்று விலைபோயிற்று.

பதினேழாவது நாள், செவ்வாய்க்கிழமை காலை, உம்மு ஹானி வந்தார். அர்பாபின் தாயார். கடைக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. டிரைவர் கதவைத் திறந்துவிட, மெதுவாகப் பட்டறை வரைக்கும் நடந்து வந்து, வைரவன் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். எழுபது வயது இருக்கும். கண்ணில் படலம் விழுந்திருந்தது. பேசுகிறவர் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் பார்வை காதுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது. அவருடைய இந்தி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கல்யாணமான புதிதில் கணவரோடு பம்பாயில் இரண்டு வருடம் இருந்தாராம்.

"துப்பாக்கி எங்கே, பாயி?"

"எண்ணெய் காயுது, அம்மா. இன்னும் வேலை முடியல" என்றார் பத்தியண்ணன். கட்டை அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உம்மு ஹானிக்கு அவ்வளவு தூரம் தெரியாது.

தனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளப் பிடித்ததும் இல்லை என்று உம்மு ஹானி சொன்னார். பையன்கள் அதைப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள். வைக்கட்டும். அதற்கு முன்னால் ஒருதடவை தொட்டுப் பார்க்கவேண்டும். துப்பாக்கியை அல்ல, அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை. ஹானிக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த வருடம் அல் தைதுக்கு அப்பால் மணலில் கூடாரம் போட்டிருந்தார்கள். காற்று எழும்பியது. கூடாரத்து முளை பிடுங்கிக்கொண்டது. சுத்தியலை எங்கேயோ வைத்துவிட்டார்கள். கணவர் போய்த் துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் கட்டையால் முளையை அடித்தார்.

"நான் கத்தினேன். அறிவிருக்கா, இந்தத் துப்பாக்கி விலைக்கு இப்படிப் பத்துக் கூடாரம் வரும்னு சொன்னேன். அவர் மூணு அடி அடிச்சார். குழந்தை அழுதுக்கிட்டு இருக்கு, கூடாரம் நிக்கணும், அவ்வளவுதான் அவருக்கு. இப்போ சாயங்காலத்துல எனக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்குது. கட்டைவிரல அதுல வச்சா அது சரியாப் போய் உக்காரும்." தன் பெருவிரலை எங்கள் மூவருக்கும் காட்டினார். மருதாணி நகத்தில் பாதி வளர்ந்துவிட்டிருந்தது. "அது இருக்கில்ல? துடைக்கிறேன்னு எதுவும் பண்ணிடலையே?"

நான் பத்தியண்ணனைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வைரவன் நின்றான். அவனுக்கு இந்தி அரைகுறை. ஆனால் அந்தப் பெருவிரல் அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தான்.

"இருக்கு" என்று பத்தியண்ணன் முந்திக்கொண்டார். "அதுக்கு என்ன, அப்படியே இருக்கு."

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் மேசையிலிருந்து ஒரு ஜாப் கார்டை எடுத்துக்கொண்டு வந்து, டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். முளை மரமா, இரும்பா? இரும்பு. தலை தட்டையா, உருண்டையா? உருண்டை, தேய்ந்து போனது. மூன்று அடியும் ஒரே இடத்திலா? முதல் இரண்டும் ஒரே இடத்தில், மூன்றாவது கொஞ்சம் சறுக்கிவிட்டது. அதனால்தான் ஒருபக்கம் ஆழம், ஒருபக்கம் சரிவு. இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாய் என்று உம்மு ஹானி கேட்கவில்லை. யாரோ கேட்டதே போதும் என்பது போலச் சொல்லிக்கொண்டே போனார். வியாழக்கிழமை வருகிறேன் என்றார். அர்பாப் வருவதும் அந்த வியாழக்கிழமைதான்.

கார் போன பிறகு வைரவன், "அண்ணே, பாவம்ணே. சொல்லிருவோம்ணே" என்றான்.

"என்ன சொல்லுவ? வீட்டுக்காரரு போட்ட தழும்ப மக்கு வச்சு அடச்சுட்டோம்னா? அந்த அம்மா மாஃபி முஷ்கில, பரவால்லன்னு எந்திரிச்சுப் போயிரும். போயி வெரல எங்க வைக்கும்?" பத்தியண்ணன் ஜாப் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உன் விசாவும் அப்பறம் பேப்பராத்தாம்ல கெடக்கும்."

புதன்கிழமை காலை அவர் வைரவனிடம் பால் இல்லாமல், சீனி இல்லாமல் ஒரு பாத்திரம் டீ போடச் சொன்னார். நோன்புக் காலத்தில் பட்டறைக்குள் ஒளிந்து குடிப்பது எங்களுக்கு வழக்கம்தான் என்பதால் நானும் என் கிளாஸை எடுத்துவைத்தேன். டீ என் கிளாஸுக்கு வரவில்லை. ஆறவைத்து, பஞ்சில் தொட்டு, கட்டையில் பூசினார். பிறகு எண்ணெய். பிறகு மறுபடி பஞ்சு. அவர் என் பக்கம் திரும்பவில்லை. மதியத்துக்குள் மரம் இருட்டிக்கொண்டு வந்தது. கை பிடிக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் இருட்டு, யாரோ நாற்பது வருடம் பிடித்திருந்தது போல.

முளை விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. கடையில் நாங்கள் விற்பவை சீனாவில் செய்த அலுமினிய முளைகள். ஒன்றை வைத்து வேண்டாத மரத்துண்டில் அடித்துப் பார்த்தார். முளை வளைந்தது. "தழும்பு போடக்கூட வக்கில்ல" என்று தூக்கிப் போட்டார். இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு டாக்ஸி எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று வாங்கி வந்தார். காய்ச்சினார், அடித்தார், அரத்தால் ராவினார், தலையை உருட்டினார், பிறகு அந்த உருண்டையைத் தேய்த்துத் தேய்ந்ததாக ஆக்கினார். அவர் கணக்குப்படி அறுபத்துமூன்றுக்குப் பிறகு உலகத்தில் உருப்படியாகச் செய்யப்பட்ட முதல் சாமான் அதுவாக இருக்கலாம். நான் இதை வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்த வாரத்தில் எனக்கு அப்படி நிறைய வார்த்தைகள் உள்ளேயே நின்றன.

மக்கை எடுக்கிற வேலையை வைரவனிடமே கொடுத்தார். அவன் உளியின் முனையால், பல் டாக்டர் போல, சுரண்டி எடுத்தான். அடியில் பழைய பள்ளத்தின் மிச்சம் ஏதாவது கிடைக்கும் என்று மூவரும் நினைத்திருந்தோம். உப்புத்தாள் அதன் விளிம்பையெல்லாம் தின்றிருந்தது. ஒரு சின்னக் குழி மட்டும், வழித்து நக்கிய கரண்டி மாதிரி.

இரண்டரை மணிக்குக் கடை அடைத்தோம். நோன்பு திறந்த பிறகுதான் மறுபடி திறக்கவேண்டும். பட்டறைக்குப் பின்னால் நான்கு பக்கமும் சுவர் வைத்த ஒரு காலியிடம், லாரிகள் ஏறி இறங்கி இறுகிப்போன மண், ஒரு ஜெனரேட்டர். பத்தியண்ணன் இரும்பையெல்லாம் கட்டையில் பொருத்தினார், தோட்டாவைத் தள்ளும் போல்ட்டை மட்டும் பெட்டியிலேயே விட்டார். வெறும் கட்டையால் அடித்தால் கனம் போதாது, விழுகிற தழும்பு வேறு மாதிரி இருக்கும் என்றார். அது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. வைரவன் கேட்டுக்கு வெளியே காவல் நின்றான். வெயில் சுவரின் உச்சியில் வெள்ளையாக நின்றது.

முளையை மண்ணில் ஊன்றினார். ஜாப் கார்டை எடுத்து ஒருமுறை படித்தார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவரே யோசித்து, காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறவர் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு கையாலும் பிடித்தார். ஓங்கினார். ஓங்கிய கை மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. ஐம்பத்துமூன்று வயசு முகத்தில் அப்படியொரு கூச்சத்தை நான் பார்த்ததில்லை. முதல்முறையாகக் கள்ளுக்கடை வாசலில் நிற்கிறவனுடைய முகம்.

அடித்தார். சத்தம் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. இரண்டாவது அதே இடத்தில். மூன்றாவதைச் சறுக்கவிடவேண்டும். கண்ணை லேசாக மூடிக்கொண்டு, சறுக்கவிட்டார்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்து, கட்டையை மடியில் வைத்து, புதுத் தழும்பின் ஓரங்களில் எண்ணெய்த் துணியை ஓட்டினார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உள்ளே தேய்த்தார். ஊதினார். பெருவிரலை வைத்துப் பார்த்தார். ஐம்பத்துமூன்றில் செய்த விரல், நாற்பது வருடம் அரம் பிடித்தது, தடித்து முனை தட்டையாகப் போனது. அது பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. சுண்டுவிரலை வைத்தார். அது ஆடியது.

"ஏல, கிராஜுவேட்டு. உன் கையக் கொண்டா."

பக்கத்தில் உட்கார்ந்தேன். பேனாவைத் தவிர வேறு எதையும் பிடிக்காத என் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். அளவு சரி என்று தோன்றியிருக்கவேண்டும்.

"கண்ண மூடிக்கோ. முழுசா மூடு."

மூடினேன். என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, மரத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். மரம் வெயிலில் சுட்டது. முதலில் வழவழப்பாக ஒரு சமதளம், பிறகு ஒரு விளிம்பு, பிறகு விரல் உள்ளே போயிற்று, ஒருபக்கம் ஆழமாக, ஒருபக்கம் சரிவாக. கேட்டுப் பக்கம் வைரவன் இருமினான். பத்தியண்ணன் என் மணிக்கட்டை விடவில்லை.

"போயி உக்காருதா?" என்று கேட்டார்.